1881 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புத்தகங்கள் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறைப்பட்ட ஒரு சிப்பாயின் நூலை எடுத்துக்காட்டாகச் சொல்லி, நூறு வயது கடந்த புத்தகம் எதுவானாலும் பெருந்தொகைக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள். வாங்கியதும் புது பைண்டிங் போட்டு, கிழிந்த தாள்களை லேமினேட் செய்து, அந்துருண்டை போட்டு வைக்கவும் சொல்லியிருந்தார்கள். முதல் யோசனை வாசகரின் பணத்தைக் கெடுக்கும். இரண்டாவது, புத்தகத்தையே கெடுக்கும். பழைய நூல்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்து விற்கும் இடங்களிலும் இணைய ஏலத்திலும் இத்தகைய நூல்களை வாங்கி ஊருக்குக் கொண்டுவருவோர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அந்த நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிடிபட்ட வடமாநிலச் சிப்பாய்களைத் தென்மாநிலப் படையினர் அடைத்த ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் சிறைமுகாம் 1864 பிப்ரவரியில் தொடங்கியது. வெட்டிய பைன் மரத்தண்டுகளை நட்டு எழுப்பிய வேலிக்குள் 16½ ஏக்கர் வெறும் தரை. ஜூன் மாதம் அதை 26½ ஏக்கராக விரித்தார்கள். வேலிக்கு 19 அடி உள்ளே ஒரு தாழ்ந்த கம்பு வரிசை. அதைத் தாண்டியவரைக் காவலர் சுடலாம். ஆகஸ்டில் அந்த இடத்துக்குள் 32,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். குடிக்கவும் கழுவவும் கழிக்கவும் ஒரே ஓடை. 14 மாதங்களில் வந்து போனவர் ஏறத்தாழ 45,000 பேர். ஏறத்தாழ 13,000 பேர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். சாவுக்குக் காரணம் வயிற்றுப்போக்கு, காய்கறி, பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய், பட்டினி. முகாம் தளபதி ஹென்றி வெர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார்.

பிழைத்து வந்தவர்கள் எழுதினார்கள். கனெக்டிகட் 16ஆம் படைப்பிரிவின் ராபர்ட் கெலாக் எழுதிய நூல் 1865இலேயே ஹார்ட்ஃபோர்டில் வெளிவந்துவிட்டது. வாரன் லீ காஸின் நூல் 1867இல் பாஸ்டனில் வந்தது. இல்லினாய் 16ஆம் குதிரைப்படையின் ஜான் மெக்கெல்ராய் டொலிடோ நகரப் பத்திரிகையில் தொடராக எழுதியதை, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் டி. ஆர். லாக் 1879இல் 654 பக்க நூலாக்கினார். மிச்சிகன் 9ஆம் குதிரைப்படையின் ஜான் ரான்சம் தம் நாட்குறிப்பை 1881இல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில் தாமே பதிப்பித்தார். 304 பக்கம். பின்பகுதியில் இறந்தவர்களின் பெயர், கம்பெனி, படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை எண் ஆகியவை பட்டியலாக இருக்கும்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு தனிக் கதை உண்டு. டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதியை முகாம் மருத்துவமனையில் சாவுப் பதிவேடு எழுத வைத்தார்கள். அவர் யாருக்கும் தெரியாமல் ஒரு படி எடுத்து, அதை மறைத்து வெளியே கொண்டுவந்தார். 1865 கோடையில், போரில் காயம்பட்டவர்களுக்குப் பணி செய்த கிளாரா பார்ட்டனுடன் அதே முகாமுக்குத் திரும்பிப் போய், கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகை நட உதவினார். பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று ராணுவத்தோடு மூண்ட தகராறில் அவருக்கே சிறைத் தண்டனை கிடைத்தது. அவரை அடைத்த இடம் ஆபர்ன் சிறை. பின்னாளில் ரான்சமின் நூல் அச்சான அதே ஊர்! பட்டியல் 1866இல் நியூயார்க் டிரிபியூன் பத்திரிகையின் வெளியீடாக வந்தது. மகன் எங்கே புதைந்தான் என்று தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். ஆகவே இந்த நூல்களின் பின்பக்கங்களை யாரும் வெறும் பின்னிணைப்பு என்று தள்ளிவிட வேண்டாம்.

இனி, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று எப்படிக் கண்டுகொள்வது?

தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தாளைத் திருப்பி, பின்புறம் உள்ள காப்புரிமை வரியைப் படியுங்கள். அமெரிக்காவில் 1870 வரை காப்புரிமையை அந்தந்த மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பதிந்தார்கள். 1870ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வாஷிங்டனில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) நூலகரிடம் பதிந்தார்கள். அந்த வரியில் எந்த அலுவலகம் என்று அச்சிட்டிருக்கும். 1865ஆம் ஆண்டு நூல் என்று சொல்லி விற்கும் பிரதியில் காங்கிரஸ் நூலகர் என்று இருந்தால், அது 1870க்குப் பிந்திய அச்சு. வாதாடவே இடமில்லை. காப்புரிமை ஆண்டுக்கும் தலைப்புப் பக்க ஆண்டுக்கும் ஓர் ஆண்டு வித்தியாசம் இருப்பது மட்டும் குற்றமாகாது. காஸின் நூலில் காப்புரிமை 1866, வெளியீடு 1867.

ரான்சமின் நூலுக்கு ஊர் பெயரே சாட்சி. ஆபர்ன், 1881, ஆசிரியரே பதிப்பாளர் என்ற மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். பிலடெல்ஃபியா, டக்ளஸ் சகோதரர்கள், 1883 என்று இருந்தால் அது பின்வந்த பதிப்பு. மெக்கெல்ராய்க்கு டொலிடோ, 1879, லாக் என்ற பெயர். வாஷிங்டன் என்றும் நேஷனல் டிரிபியூன் என்றும் இருந்தால் அது இருபது ஆண்டு கழித்து வந்த மறுபதிப்பு. 1963இல் நியூயார்க்கில் ரான்சம் மீண்டும் அச்சானது. அதன் பிறகு வந்த மலிவுப் பதிப்புகள் பல. இவை படிப்பதற்கு நல்லவை. அரிய நூல் என்ற விலை இவற்றுக்கு ஆகாது.

மோசமான பொறி நகல் பதிப்பில்தான் இருக்கிறது. பழைய பிரதியைப் படம் பிடித்து, 1881 என்ற தலைப்புப் பக்கத்தோடு அப்படியே அச்சிட்டு விற்கிறார்கள். சிலவற்றில் புது ஆண்டு எங்கேயுமே இருக்காது. விற்பவர் அனுப்பும் தலைப்புப் பக்கப் படம் ஒன்றை மட்டும் நம்பினால் இதில்தான் விழுவோம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் என்ற கண்ணாடி ஒன்றும் ஒரு டார்ச்சும் போதும். பக்கத்தின் பக்கவாட்டில் வெளிச்சத்தைப் படியவிட்டால், ஈய எழுத்தில் அச்சிட்ட தாளில் எழுத்து அழுந்திய பள்ளம் தெரியும். ஆஃப்செட் நகலில் தாள் வழுவழுவென்று தட்டையாக இருக்கும். படங்களை லூப் வழியே பாருங்கள். மரச்செதுக்குப் படம் என்றால் கோடுகளும் வெட்டுகளுமாகத் தெரியும். ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஹாஃப்டோன், அதாவது புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் பிந்திய முறை. 1865 நூலிலோ 1881 நூலிலோ அதற்கு இடமில்லை. நகல் பதிப்பில் மூலப் பிரதியின் கறையும் நூலக முத்திரையும்கூடக் கறுப்பு மையில் நிழலாக விழுந்திருக்கும். கடைசியாக, புத்தகத்தை நடுவில் மெல்ல விரித்து ஃபாரத்தின், அதாவது சேர்த்து மடித்த தாள்கட்டின், நடுமடிப்பில் நூல் ஓடுகிறதா என்று பாருங்கள். வெறும் பசையில் ஒட்டிய தாள்கள் என்றால் அது நம் காலத்துப் புத்தகம்.

பதிப்பு சரி என்று தெரிந்த பிறகும் பக்கம் எண்ணாமல் பணம் கொடுக்க வேண்டாம். இந்த நூல்களின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பெரிய நூலகங்கள் எடுத்த படிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதைத் திரையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். 304 பக்க நூலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் காணாமல் போயிருப்பவை மூன்று: முகப்புப் படமும் அதன் மேல் கிடந்த மெல்லிய தாளும், நடுவில் தனித்தாளாக ஒட்டிய படங்கள், இறந்தோர் பட்டியலின் ஒரு தாள். கடைசியாகச் சொன்னது திருட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தம் வீட்டுப் பிள்ளையின் பெயர் வந்த தாளை யாராவது வெட்டி எடுத்து வைத்திருக்கலாம். எதிர்மாறாக, பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சில் குறியோ, முன்தாளில் போர்வீரர் சங்கக் கிளையின் முத்திரையோ இருந்தால் அதை அழுக்கு என்று ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள். அந்தப் பிரதியை மற்றப் பிரதிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் குறிதான்.

விலை பற்றி ஒரு வார்த்தை. வயதால் அருமை வருவதில்லை. இவ்வகை நூல்களில் பல கடைக்கே போகாதவை. முகவர்கள் வீடு வீடாகப் போய் முன்பதிவு எடுத்து விற்றார்கள். வில்லார்ட் கிளேசியரின் சிறைநூல் அப்படி ஏராளமாக விற்றது. அதன் பிந்திய அச்சுகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கும். தனியார் ஒருவர் தம் ஊரில் தம் செலவில் அச்சிட்ட நூல் குறைவாகவே மிஞ்சும். அதிலும் அட்டை, தையல், படங்கள், எல்லாத் தாள்களும் அச்சான நாளில் இருந்தபடி இருக்கும் பிரதி இன்னும் குறைவு. முகவர்கள் கையில் கொண்டுபோன மாதிரிப் பிரதி என்று ஒன்று உண்டு. சில பக்கங்கள் மட்டும் அச்சிட்டு, உள்ளட்டையில் துணிக் கட்டு, தோல் கட்டு முதுகுகளின் மாதிரிகளை ஒட்டி, கடைசியில் முன்பதிவு செய்தோர் பெயர் எழுதக் கோடு போட்ட தாள்கள் வைத்திருப்பார்கள். இதைக் குறைப்பிரதி என்று கழித்துவிடுகிறவர்கள் உண்டு. முழு நூலைவிட அரியது இதுவே.

இன்னொன்றும் சேகரிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். ரான்சமின் நூல் நாட்குறிப்பு வடிவில் இருந்தாலும், அன்றன்று எழுதியது அப்படியே அச்சேறியதா, பின்னாளில் விரித்து எழுதியதா என்று ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். இதனால் நூலின் அருமை குறைந்துவிடாது. ஆனால் இது போர்க்களத்து மூல ஆவணம் என்று விளம்பரம் செய்து விற்பவரிடம், இது போர் முடிந்து 16 ஆண்டு கழித்து அச்சானது என்று நினைவூட்டும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

இப்போது பைண்டிங். எங்களை எழுதத் தூண்டியதே இதுதான்.

நம் ஊர் பைண்டர்கள் கைத்திறன் உள்ளவர்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கும் கோயில் கணக்குக்கும் அவர்கள் போடும் காலிக்கோ துணிக் கட்டு தலைமுறைக்கு நிற்கும். 19ஆம் நூற்றாண்டு நூலுக்கு அதே முறை ஆகாது. பழைய தையலைப் பிரித்து, முதுகோரம் துளையிட்டுப் பக்கத் தையல் போடுவார்கள். உள்ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும். 1860களின் பிற்பகுதியிலிருந்து தாளில் மரக்கூழ் கலக்கத் தொடங்கினார்கள். படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துப் பதப்படுத்திய தாளில் அமிலம் ஏறி அது நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். பக்கத் தையல் போட்ட நொறுங்கும் தாளைத் திருப்பினால், தையலோரம் வரிசையாக முறியும். பிறகு மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டிச் சமப்படுத்துவார்கள். ஓரத்து எழுத்துக் குறிப்புகள் போகும். தாளின் மூல அளவும் போகும். பழைய அட்டையையும் பொன்னெழுத்து முதுகையும் குப்பையில் போட்டுவிட்டால், பதிப்பை அடையாளம் காட்டும் பாதிச் சான்று தொலைந்தது. பசையிலும் ஆபத்து. மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். அதிலுள்ள தாமிரம் தாளின் நாரை அரிப்பதை வேகப்படுத்தும். ஒட்டிய இடம் பழுப்பேறி உடையும்.

லேமினேஷன் இன்னும் மோசம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதம் இல்லாமல் திரும்ப உரிக்க முடியாது. உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடரும். செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாகும். டேப் விழுந்துவிடும், கறை போகாது. ஏற்கெனவே டேப் ஒட்டிய புத்தகம் வந்தால் உரிக்காதீர்கள். அச்செழுத்தும் கூடவே வந்துவிடும். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

ஓரத்தில் சின்னக் கிழிசல் என்றால், பொறுமை உள்ளவர் வீட்டிலேயே சரிசெய்யலாம். முதலில் வேண்டாத பழைய புத்தகம் ஒன்றில் பழகிக்கொள்ளுங்கள். புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. அரை மணி ஊறவைத்து, இளந்தீயில் விடாமல் கிண்டி, பால் வெள்ளை மாறிக் கண்ணாடி போலத் தெளியும் வரை சுமார் 25 நிமிடம் காய்ச்ச வேண்டும். ஆறியதும் நுண்சல்லடையில் இரண்டு முறை தேய்த்து இறக்கி, வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள். குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் தாங்கும்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஜப்பானிய கோசோ மென்தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈரக் கோடு இழுத்துக் கையால் கிழித்தால் விளிம்பில் நார் நீளும். அந்த நார்தான் பிடிக்கும். கிழிசலைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமான பட்டை போதும். பசை அதிகமானால் தாள் சுருங்கி அலையலையாகும். இதில் எல்லோரும் செய்யும் தவறு இதுவே. ஒட்டியதும் மேலும் கீழும் பசை பிடிக்காத மெல்லிய பாலியஸ்டர் துணியும் மையொற்றுத் தாளும் வைத்து, கனமான எதையாவது ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். தனியே வந்துவிட்ட அட்டையை ஒட்ட முயலாதீர்கள். வெள்ளைப் பருத்தி நாடாவால் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தாலே போதும்.

தோல் முதுகு சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் எண்ணெயோ ஷூ பாலிஷோ தடவக்கூடாது. தோல் கறுத்து, எண்ணெய் தாளில் ஊறும். அமிலமற்ற தாளில் மேலுறை போட்டு வையுங்கள். 1860களின் துணிக் கட்டு பளிச்சென்ற பச்சையாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. 1840களிலிருந்து 1860கள் வரை சில கட்டுத் துணிகளுக்கு ஆர்செனிக் கலந்த மரகதப் பச்சைச் சாயம் போட்டிருக்கிறார்கள். நைட்ரைல் கையுறை போட்டுத் தொட்டு, மூடும் பாலித்தீன் உறையில் தனியே வைத்து, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். மற்ற நூல்களுக்குக் கையுறையே வேண்டியதில்லை. கழுவி ஈரம் போகத் துடைத்த கைதான் நல்லது. பருத்திக் கையுறை நொறுங்கும் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த புத்தகத்தை நேரே அலமாரியில் வைக்காதீர்கள். துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே வண்டுப்புழு இருக்கலாம். பாலித்தீன் உறை இரண்டில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, உறைபெட்டியில் மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் உறையைத் திறக்கக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். அந்துருண்டை வாடை தாளில் ஏறினால் லேசில் போகாது, மூச்சுக்கும் நல்லதில்லை. வேப்பிலையைப் பக்கங்களுக்கு இடையில் வைத்தால் இலையின் சாறு கறையாகும். வசம்புப் பொட்டலம் வைக்க விரும்புவோர் அலமாரி மூலையில், புத்தகத்தைத் தொடாமல் வைக்கலாம்.

நம் கடலோர ஊர்களில் உண்மையான எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். சென்னையில் மழைக்காலம் முழுவதும் அப்படித்தான். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது. புத்தகம் இருக்கும் அலமாரிக்குள்ளேயே அதை வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி, அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும். இரவில் மட்டும் ஏசி போட்டுக் காலையில் நிறுத்தும் அறையைவிட, நாள் முழுவதும் காற்றோட்டமுள்ள அறை மேல். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் சுவரோடு சேர்ந்த இரும்பு பீரோவும் வேண்டாம். நான்கு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. வறண்ட இடத்தில் இரண்டு நாள் வைத்து, பூஞ்சை பொடியாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தள்ளிவிடுங்கள்.

படி எடுக்க வேண்டுமென்றால் ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். இருபக்கமும் மடித்த துண்டைத் தாங்கலாக வைத்து, 90 முதல் 120 டிகிரிக்கு மேல் விரியாமல், மேலிருந்து கேமராவில் எடுங்கள். அமிலமற்ற அட்டையில் புத்தகத்தின் அளவுக்கே பெட்டி செய்து, அதில் படுக்கை வாட்டில் வையுங்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்பதைப் பெட்டிக்குள் ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். புத்தகத்தில் எதையும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய நூல் பாதுகாப்புப் பணியாளர்கள் சிலர்,
சென்னை